கணனியின் வேகமும் சிக்கனமும்: ஒரு வரலாற்று நோக்கு

கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அவற்றின் வேகத்தின் வரலாற்றையே எழுதிச் சென்றுள்ளனர். கணனி பற்றிய நூல்களும் இம்மரபுக்கு விலக்கல்ல. 1971ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் நுண்முறைவழியாக்கி ஏறத்தாழ 2,300 திரான்சிற்றர்களைக் கொண்டிருந்தது. அதன் உச்ச மீடிறன் செக்கனுக்கு 7,40,000 துடிப்புகள், அதாவது 740 கிலோஹேட்ஸ் ஆகும். இன்று மாணவர் ஒருவரின் மடிகணனியில் உள்ள முறைவழியாக்கி செக்கனுக்குப் பல நூறு கோடி துடிப்புகளில் இயங்க வல்லது. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து வியப்பதோடு அந்நூல்கள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன.

ஆயின் அதே மடிகணனி, தன் பெட்டியின்மேல் பொறிக்கப்பட்டுள்ள வேகத்தில் காற்பங்கிலும் குறைவாக ஓடிக்கொண்டிருக்கும் வேளைகளும் உள. ஆய்வேட்டின் ஒரு பக்கத்தைத் திறப்பதற்குச் சில நிமிடங்கள் காத்திருக்கும் மாணவர், இயந்திரம் பழுதடைந்துவிட்டது என்றோ, அதற்கு வயதாகிவிட்டது என்றோ முடிவு செய்கின்றார். பல சமயங்களில் உண்மை வேறாக உள்ளது. இயந்திரம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கின்றது. அவ்வாறு குறைக்கவேண்டும் என்று எவரோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு காரணம் பற்றித் தீர்மானித்துள்ளனர். அத்தீர்மானங்கள் எழுந்த வரலாற்றையும், அவற்றை எடுக்கும் அதிகாரம் யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது பொறியியலாளர்க்குரிய விடயம், கலைப்பீடத்தாருக்கு இதில் என்ன பங்கு என்று வினவலாம். ஒரு மேட்டை அகழும் தொல்லியலாளர், ஒவ்வொரு மண்படையும் எக்காலத்தது, எத்தேவையால் உருவானது என வினவியே மேலே செல்கின்றார். மெதுவாகிப்போன மடிகணனியும் அத்தகைய மேடே. அதனுள் 1980கள் முதல் இன்றுவரையுள்ள படைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. எப்படையில் வேகம் தடுக்கப்படுகின்றது என்று கண்டறிவதற்கு, அப்படைகளின் வரலாற்றை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

கடிகாரமும் வலுவும்

முறைவழியாக்கி ஒவ்வொன்றும் ஒரு கடிகாரத் துடிப்புக்கு இசைந்து வேலை செய்கின்றது. துடிப்பு விரைந்தால் வேலையும் விரையும். ஆனால் துடிப்பு ஒவ்வொன்றிலும் திரான்சிற்றர்கள் திறந்து மூடுவதற்கு மின்சக்தி செலவாகின்றது. 1963இல் பிராங்க் வான்லாஸ் உருவாக்கிய ‘சீமொஸ்’ என்னும் சுற்றமைப்பு முறையே இன்றைய முறைவழியாக்கிகளுக்கெல்லாம் அடிப்படை. அம்முறையில் திரான்சிற்றர்கள் நிலைமாறும்போதே பெருமளவு வலு செலவாகும்; வாளாவிருக்கும்போது செலவு மிகச் சிறிது. இவ்வாறு செலவாகும் வலு, மீடிறனுக்கு நேர்விகிதமாகவும் வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகவும் அமையும்.

இக்கூற்றின் இரண்டாம் பகுதியே முக்கியமானது. மீடிறனை மட்டும் பாதியாகக் குறைத்தால் வலுவும் பாதியாகும். ஆனால் அதே வேலையை முடிக்க இருமடங்கு காலம் பிடிக்கும் ஆதலால் மொத்தச் சக்தியில் சேமிப்பு ஏதும் இராது. மீடிறனைக் குறைத்து, அதனோடு வோல்ற்றளவையும் குறைக்க முடியுமாயின் உண்மையான சேமிப்பு உண்டாகும். இவ்வுண்மை நடைமுறைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் சென்றன.

கையால் வேகத்தை ஆண்ட காலம்

1981 ஓகஸ்ட் மாதம் 12ஆம் திகதி ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணனியை அறிமுகம் செய்தது. அதன் முறைவழியாக்கி 4.77 மெகாஹேட்ஸ் வேகத்தில் ஓடியது. அதே மாதம் முதலாம் திகதியே செங்கலடிக்கு அண்மையில், வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவில், மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அக்கல்லூரி 1986 ஒக்ரோபர் முதலாம் திகதி கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. எனினும் தனியாள் கணனியின் வயதும் எம் பல்கலைக்கழகத்தின் வயதும் ஏறத்தாழ ஒன்றே என்பதை மனத்திற் கொள்வது, இவ்வரலாறு எவ்வளவு அண்மைக்காலத்தது என்பதை உணர உதவும்.

ஐ.பி.எம். கணனியைப் பின்பற்றிப் பிற நிறுவனங்கள் செய்த கணனிகள் 1980களின் நடுப்பகுதியில் 8 மெகாஹேட்ஸ் முதலிய வேகங்களை எட்டின. அப்போது எதிர்பாராத இடர் ஒன்று தோன்றியது. 4.77 மெகாஹேட்ஸ் துடிப்பையே காலத்தின் அளவுகோலாகக் கொண்டு எழுதப்பட்ட விளையாட்டுகளும் சில நிரல்களும், விரைவான கணனிகளில் கட்டுக்கடங்காது ஓடின. இதற்குப் பரிகாரமாகக் கணனியின் முகப்பில் ‘ரேர்போ’ என்னும் பொத்தான் ஒன்று வைக்கப்பட்டது. பெயர் விரைவைக் குறித்தாலும், வேண்டியபோது வேகத்தைக் குறைப்பதே அதன் பயன். எப்போது விரைவது, எப்போது மெதுவாவது என்பதை அன்று தீர்மானித்தவர் கணனியின் முன் அமர்ந்திருந்தவர். பொத்தான் அவர் கண்முன் இருந்தது. அதை அழுத்தியது அவர் விரல்.

மின்கலமும் மறைவான ஆட்சியும்

மடிகணனியின் வருகை இந்நிலையை மாற்றியது. 1985இல் தொஷிபா நிறுவனம் வெளியிட்ட ரி1100 என்னும் கணனி மின்கலத்தில் இயங்கியது. சுவரிலுள்ள மின்னிணைப்பு வற்றாத ஆறு போன்றது. மின்கலமோ அளந்து நிரப்பிய குடம். ஆகவே, வேகம் என்னும் வினாவோடு ‘எவ்வளவு நேரம்’ என்னும் வினாவும் எழுந்தது.

1990இல் இன்டெல் வெளியிட்ட 386 எஸ்.எல். என்னும் முறைவழியாக்கி மடிகணனிக்கெனவே அமைக்கப்பட்டது. அதில் ‘முறைமை முகாமை நிலை’ எனத் தமிழில் வழங்கத்தக்க ஒரு தனி நிலை இருந்தது. இந்நிலையில், தாய்ப்பலகையில் பொதிந்திருக்கும் அடிப்படை நிரலானது, ஓடிக்கொண்டிருக்கும் வேலையை இடைநிறுத்தித் தன் காரியத்தைச் செய்துவிட்டு மீண்டும் வேலையை விட்ட இடத்திலிருந்து தொடரச் செய்யும். பயனருக்கு மட்டுமன்றிப் பணிசெயல் முறைமைக்கும் இவ்விடையீடு புலப்படாது. மின்சேமிப்புக்காகவே பெரிதும் புகுத்தப்பட்ட இந்நிலை, இவ்வரலாற்றின் ஒரு திருப்புமுனை எனலாம். வேகத்தை ஆளும் அதிகாரம் முதன்முறையாகப் பயனரின் கண்ணுக்கு எட்டாத இடத்திற்குச் சென்றது.

1992இல் இன்டெலும் மைக்ரோசொப்ட்டும் சேர்ந்து மின்வலு முகாமைக்கு ஒரு பொது விதியை வகுத்தன. அதிலும் அடிப்படை நிரலின் கையே ஓங்கியிருந்தது. 1994இல் மார்க் வைசர், பிரென்ற் வெல்ச், அலன் டெமர்ஸ், ஸ்கொட் ஷென்கர் ஆகிய நால்வர் சிக்கனத்தின் அடிப்படையையே மாற்றும் ஆய்வொன்றை வெளியிட்டனர். விரைந்து ஓடி வேலையை முடித்துப் பின் சும்மாயிருப்பதிலும், வோல்ற்றளவைக் குறைத்து, வேண்டிய அளவு வேகத்தில் மெல்ல ஓடி உரிய நேரத்தில் முடிப்பதே சக்திக்குச் சிக்கனம் என்பது அவர்களது முடிவு. வேலையின் அளவை அறிந்தது பணிசெயல் முறைமையே ஆதலால், வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியதும் அதுவே என அவ்வாய்வு கருதியது. 1996 டிசெம்பரில் இன்டெல், மைக்ரோசொப்ட், தொஷிபா ஆகியவை வெளியிட்ட ‘ஏ.சி.பி.ஐ.’ என்னும் விதித்தொகுதி, இவ்வதிகாரத்தைப் பெருமளவு பணிசெயல் முறைமையிடம் ஒப்படைத்தது. இன்றும் விண்டோஸ் முறைமையில் நாம் காணும் மின்வலுத் திட்டங்கள் இம்மரபின் வழிவந்தவை.

2000ஆம் ஆண்டு சனவரியில் இன்டெல் ‘ஸ்பீட்ஸ்ரெப்’ என்னும் முறையை மடிகணனிக்குரிய பென்டியம் 3இல் அறிமுகம் செய்தது. 650 மெகாஹேட்ஸ் முறைவழியாக்கி, மின்கலத்தில் இயங்கும்போது 500 மெகாஹேட்ஸ் வேகத்துக்கு இறங்கியது. அதன் வோல்ற்றளவு 1.6இலிருந்து 1.35 ஆயிற்று. முன்னர்க் கூறிய விகிதப்படி கணக்கிட்டால், வேகம் நூற்றுக்கு 23 குறைய, வலுவோ நூற்றுக்கு 45 குறைகின்றது. அதே ஆண்டில் ஏ.எம்.டி., திரான்ஸ்மெற்றா ஆகிய நிறுவனங்களும் இத்தகைய முறைகளை வெளியிட்டன. இழப்புச் சிறிது, பேறு பெரிது. ஆகவே இச்சிக்கனத்தைக் குறைகூற எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

வெப்பம் விதித்த எல்லை

இதுவரை சிக்கனத்தை வேண்டியது மின்கலம். அடுத்து வெப்பமும் அதனை வேண்டியது. திரான்சிற்றர் சிறுக்கச் சிறுக்க அதன் வோல்ற்றளவும் குறையும். எனவே ஒரே பரப்பில் மிகுதியான திரான்சிற்றர்களை அடக்கினாலும் வெப்பம் பெருகாது என 1974இல் ரொபேட் டெனாட்டும் அவருடைய தோழர்களும் காட்டியிருந்தனர். ஏறக்குறைய 30 ஆண்டுகள் இவ்விதி கணனித் தொழிலைத் தாங்கி நின்றது. 2000களின் தொடக்கத்தில் திரான்சிற்றர்கள் மிகச் சிறியனவாகி, மூடியிருக்கும்போதும் மின்னோட்டம் கசியத் தொடங்கவே, வோல்ற்றளவை அதற்குமேல் அவ்வாறு குறைக்க இயலவில்லை. பென்டியம் 4 வரிசை 2004இல் 3.8 கிகாஹேட்ஸ் வேகத்தை அடைந்து நின்றது. 4 கிகாஹேட்ஸ் வேகத்தில் அதனை வெளியிடும் திட்டத்தை இன்டெல் அதே ஆண்டு ஒக்ரோபரில் கைவிட்டது. பின்னர் வேகத்தைப் பெருக்குவதற்குப் பதிலாக ஒரே சில்லில் பல கருக்களை அமைக்கும் போக்கு வலுப்பெற்றது.

இக்காலத்தில் முறைவழியாக்கி தன் வெப்பத்தைத் தானே அளக்கவும், எல்லை கடந்தால் தன் துடிப்புகளிற் சிலவற்றைத் தவிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளவும் கற்றது. வெப்பம் மிகுந்ததை வெளியே அறிவிப்பதற்கு அதில் ஒரு சமிக்ஞைக் கம்பி இருந்தது. பின்னர் அதே கம்பி இருவழிப் பாதையாக்கப்பட்டது. தாய்ப்பலகையின் வேறு உறுப்புகளும் அதன் வழியே முறைவழியாக்கியை நோக்கி ‘மெதுவாகு’ என ஆணையிட முடிந்தது. ஆணையைப் பெற்ற முறைவழியாக்கி, தான் குளிர்ந்திருந்தாலும், காரணம் கேளாது தன் மிகக் குறைந்த வேகத்துக்கு இறங்கும்.

2008இல் ‘ரேர்போ பூஸ்ற்’ என்ற முறை வந்தபோது பழைய பொத்தானின் பெயர் மீண்டும் வந்தது, பொத்தான் வரவில்லை. வெப்பமும் வலுவும் இடங்கொடுக்கும்வரை முறைவழியாக்கி தன் அடிப்படை வேகத்துக்கு மேலே தானே ஏறியது. பெட்டியின்மேற் பொறிக்கப்படும் வேகம் அன்றுமுதல் ஒரு தனி எண்ணாக இல்லாமல், ஏறவும் இறங்கவும் கூடிய ஒரு வரம்பாயிற்று. 2015இல் வெளிவந்த இன்டெல் முறைவழியாக்கிகள், வேகத்தைத் தெரிவு செய்யும் பொறுப்பைப் பணிசெயல் முறைமையிடமிருந்து பெற்றுத் தாமே ஏற்றுக்கொள்ளவும் வல்லனவாயின. விரலிலிருந்து அடிப்படை நிரலுக்கும், அங்கிருந்து பணிசெயல் முறைமைக்கும், இறுதியில் சில்லுக்கும் அதிகாரம் சென்ற வழி இதுவாகும்.

அறிவிக்கப்படாத சிக்கனம்

இவ்வதிகாரம் பயனருக்குத் தெரியாமல் பயன்படுத்தப்படும்போது விளைவது யாது என்பதை 2017ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று உலகுக்குக் காட்டியது. பழைய ஐபோன்கள் மெதுவாகின்றன என்ற முறைப்பாடு நெடுநாள் இருந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் அப்பிள் நிறுவனம், மின்கலம் நலிந்த சில ஐபோன்களில் முறைவழியாக்கியின் உச்ச வேகத்தைத் தன் மென்பொருள் குறைப்பதை ஒப்புக்கொண்டது. நலிந்த மின்கலத்தால் உச்ச வலுவை வழங்க இயலாது. அவ்வேளை கருவி திடீரென அணைந்துவிடும். அதனைத் தடுப்பதற்கே இவ்வாறு செய்ததாக அந்நிறுவனம் விளக்கியது. தொழில்நுட்ப நோக்கில் இவ்விளக்கம் பொருத்தமானதே. மின்கலத்தை மாற்றினால் பழைய வேகம் திரும்பும் என்பதே மக்கள் அறியாதிருந்த செய்தி. அதை அறியாது புதிய கருவியை வாங்கியோர் பலர். 2020 பெப்ரவரியில் பிரான்சு நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு நிருவாகம் அப்பிள் நிறுவனத்துக்கு இரண்டரைக் கோடி யூரோ தண்டம் விதித்தது. நுகர்வோருக்கு அறிவிக்காமையே அங்குக் குற்றமாகக் கொள்ளப்பட்டது. இதற்கிடையில், 2018 மார்ச்சில் வெளிவந்த மென்பொருள், மின்கலத்தின் நலத்தைக் காட்டவும், அவ்வேகக் குறைப்பைப் பயனரே நிறுத்தவும் வழி செய்திருந்தது.

செங்கலடியில் ஒரு மடிகணனி

இவ்வரலாறு எமக்கு எவ்வாறு பயன்படும் என்பதை இனி நோக்குவோம். 2022இன் முற்பகுதியில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் அவ்வாண்டு மே மாதத்தில் 350 ரூபாவைக் கடந்தது. இறக்குமதியாகும் மடிகணனியின் விலையும் அதனோடு ஏறியது. வயலையோ வாவியையோ நம்பி வாழும் குடும்பத்திலிருந்து வரும் மாணவருக்குப் புதிய மடிகணனி என்பது பெரும்பாலும் ஒரு கடன். பழுதற்ற இயந்திரத்தைப் பழுதென்று ஒதுக்கி அக்கடனைச் சுமப்பது, அறியாமைக்குக் கொடுக்கும் மிக அதிக விலையாகும்.

ஆதலின் முதற்கண் இயந்திரத்தின் நடப்பு வேகத்தைப் பார்த்தல் வேண்டும். விண்டோஸ் முறைமையில் ‘ராஸ்க் மனேஜர்’ என்னும் பகுதி அடிப்படை வேகத்தையும் நடப்பு வேகத்தையும் ஒருங்கே காட்டும். வேலை ஏதும் இல்லாதபோது வேகம் தாழ்ந்திருத்தல் குறையன்று. அது 1994இன் ஆய்வாளர் வேண்டிய சிக்கனமே. கனத்த வேலையொன்றைக் கொடுத்த பின்னரும் வேகம் 0.8 அல்லது 0.4 கிகாஹேட்ஸ் அளவிலேயே அசையாது நின்றால், எப்படையில் தடை உள்ளது என வினவுதல் வேண்டும்.

மின்னேற்றியைப் பொருத்தியபோது விரைந்தும், மின்கலத்தில் மெதுவாகவும் ஓடுமாயின் மின்வலுத் திட்டத்தை நோக்குக. முறைவழியாக்கியின் உச்ச நிலை நூற்றுக்கு நூறிலும் குறைவாக விதிக்கப்பட்டிருத்தல் கூடும். முதலிற் சில நிமிடம் விரைந்து ஓடிப் பின் தளர்ந்தால் காரணம் வெப்பம். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில், தூசி அடைத்த விசிறியும் உலர்ந்துபோன வெப்பப் பசையும் முறைவழியாக்கியை விரைவில் அதன் வெப்ப எல்லைக்குக் கொண்டுசெல்லும். விசிறியைத் துப்புரவாக்கிப் பசையை மாற்றுவதற்கு ஆகும் செலவு புதிய கணனியின் விலையிற் சிறு துளியே.

மின்னேற்றியைப் பொருத்தியதும் மெதுவாகி, அதனைக் கழற்றியதும் விரைவது வியப்பாகத் தோன்றும் நிலை. இதன் விளக்கம் மேற்கூறிய இருவழிக் கம்பியில் உள்ளது. பல மடிகணனிகள் மின்னேற்றியிடம் அதன் அடையாளத்தையும் வலுவையும் கேட்டறிகின்றன. மாற்று மின்னேற்றி விடை சொல்லாவிட்டால், அல்லது மூல மின்னேற்றியின் மெல்லிய அடையாளக் கம்பி அறுந்திருந்தால், அதன் வலு போதாது எனக் கருதி, ‘மெதுவாகு’ என்ற ஆணை பிறப்பிக்கப்படுகின்றது. இவ்வாணையை முறைவழியாக்கி பொருட்படுத்தாதவாறு செய்யும் மென்பொருள்களும் உள. காரணத்தை அறியுமுன் அவற்றை நாடுதல் தகாது. அதே கம்பி உண்மையான ஆபத்தையும் அறிவிக்கக்கூடும். வேறொரு மாணவரின் உரிய மின்னேற்றியைச் சிறிது நேரம் பொருத்திப் பார்த்தலே எளிய சோதனை. மின்னேற்றி எதுவாயினும் குறை நீங்காதபோது, நலிந்த மின்கலத்தையும், பழுதான வெப்ப உணரியையும், அடிப்படை நிரலையும் ஐயுறலாம்.

இச்சோதனைகளில் எதுவும் கடினமானதன்று. கடினமானது, இவற்றுட் பலவற்றை இயந்திரம் தானாகக் கூறாமையே. தொடங்கும் வேளையில் சில இயந்திரங்கள் மின்னேற்றி பற்றி ஒருவரி எச்சரிக்கை காட்டுவதுண்டு. அவ்வரி நொடியில் மறையும். அதுவும் எம் மாணவர் பலருக்கு எளிதில் விளங்காத மொழியில், விளங்காத சொற்களில்.

முடிவுரை

பங்கிடுவதும் குறைப்பதும் இப்பிரதேசத்துக்குப் புதியன அல்ல. உறுகாமம், உன்னிச்சை முதலிய குளங்களின் கீழுள்ள வயல்களுக்குப் போகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடைபெறும். அதிகாரிகளும் வட்டவிதானைமாரும் விவசாயிகளும் கூடிக் குளத்தின் நீர்மட்டத்தை வைத்துப் பேசுவர். நீர் குறைவாயின் சிறுபோகத்தில் விதைக்கும் பரப்பு குறைக்கப்படும். நீர் திறக்கும் நாளும் விதைப்பு முடியவேண்டிய நாளும் குறிக்கப்படும். குறைப்பு எவருக்கும் மகிழ்ச்சி தருவதில்லை. எனினும், எவ்வளவு குறைகின்றது, ஏன் குறைகின்றது என்பதை வயலுக்குரியவர் விதைக்குமுன் அறிவார். 2022 மார்ச் இறுதியில் நாட்டின் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலமாகியபோதுகூட, எப்பகுதிக்கு எந்நேரம் என்னும் அட்டவணை வெளியிடப்பட்டது. அந்த அட்டவணையைப் பார்த்தே மாணவர் தம் மடிகணனிகளுக்கு மின்னேற்றினர்.

கணனித் தொழில் நாற்பது ஆண்டுகளில் சிக்கனத்தை நுண்கலையாக வளர்த்துள்ளது; அதனை அறிவிக்கும் வழக்கத்தை அதே அளவுக்கு வளர்க்கவில்லை. மின்கலத்தையும் முறைவழியாக்கியையும் காக்கும் கட்டுப்பாடு வேண்டுவதே. ‘உமது மின்னேற்றியை நான் அறியேன், ஆகவே வேகத்தைக் குறைத்துள்ளேன்’ என ஒரு வசனத்தைத் திரையில் நிலையாகக் காட்டுவதற்கு மேலதிகச் சில்லு எதுவும் தேவையில்லை. அவ்வசனம் தமிழிலும் வருமாயின் செங்கலடியில் ஒரு குடும்பம் வீணான கடனிலிருந்து தப்பும். அது வரும்வரை, இயந்திரம் சொல்லாததை நாமே கேட்டறிதல் வேண்டும். ஓர் ஆவணத்தை எழுதியவர் யார், எக்காலத்தில், எந்நோக்கத்துக்காக என்று வினவப் பழகிய கலைப்பீட மாணவருக்கு இக்கேள்விகள் அந்நியமானவை அல்ல. வேகம் குறைந்த கணனியின் முன்னும் அவற்றையே கேட்போமாக.